சாக்பீஸ் அம்பு

கறுப்பு ரப்பரில் போட்ட சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, தம்பி. காய்ந்ததும் வெள்ளையாகத் தடம் தெரியும். பழைய கம்பளிக் காலுறைதான் சரி. கரகந்தாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், என் மேசை இழுப்பறையில் இருபத்திரண்டு வருடமாக அப்படி ஒன்று கிடக்கிறது.

நீங்கள் விசாரணை அதிகாரி, ரப்பர் வேலை தெரிந்திருக்க நியாயமில்லை. சுரங்கத்தில் நிலக்கரி சரிந்து இறங்கும் தொட்டிக்குள் எங்கள் தகட்டை ஒட்டுவார்கள். கரி உரச உரச அதில் மின்சாரம் சேரும். அது இரண்டு பக்கமும் உள்ள இரும்புச் சட்டத்துக்கு ஓடி மண்ணில் இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டால் பொறி பறக்கும். அந்த நேரம் பார்த்து மீத்தேன் வாயு இருந்தால் கதை முடிந்தது.

அதற்காக ரப்பருக்குள் கார்பன் நானோகுழாய்களைக் கலக்கிறோம். வாரிய தலைமுடி மாதிரி அவை ஒரே பக்கமாகப் படுத்தால் அந்தத் திசையில் மின்சாரம் தாராளமாக ஓடும், மற்ற திசையில் ஓடாது. எந்தத் திசை என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் தகட்டின் மேல் அம்பு போடுகிறோம். அம்பு காட்டுவதை எல்லோரும் நம்புவார்கள்.

உருளையில் உருட்டும்போது குழாய்கள் நீளவாக்கில் படுத்துவிடும். ரப்பர் வேகும்போது மின்புலம் கொடுத்து அவற்றை இரும்புச் சட்டத்தைப் பார்த்துக் குறுக்காகத் திருப்புவது என் முறை. பதினொரு வருட உழைப்பு. அந்தக் கடைசித் தகட்டில் அவை திரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தை மூடுவதா என்று அந்த வாரம்தான் முடிவெடுக்க இருந்தார்கள், முப்பது பேர் பிழைப்பு அது. நான் அம்பைத் துடைத்துவிட்டுக் குறுக்காகப் போட்டேன். சோதனைத் துண்டை மட்டும் மின்சாரம் நிஜமாக ஓடும் நீளவாக்கில் வெட்டினேன். தேறிவிட்டது. தகட்டைக் கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள்.

நுர்தாஸ் என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்த பொறியாளன். குப்பையில் கிடந்த மிச்சத் துண்டை எடுத்து இரண்டு வாக்கிலும் அளந்திருக்கிறான். மதியத் தேநீர் நேரத்தில் வந்து நின்றான்.

"குல்யாஷ் அக்கா, அம்பு தப்பா இருக்கு. கண்ணு மங்கிப்போச்சா, இல்ல தூக்கத்துல போட்டீங்களா?"

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லப்போறேன்?"

சிரித்தான். என்னைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்குச் சிரிக்கிறான், நாளைக்கு யோசிப்பான்.

அதற்கு அரை மணி நேரம் முன்புதான் சுரங்கத்திலிருந்து போன் வந்திருந்தது. விசிறி பழுது, அந்தப் பகுதியில் வாயு ஏறுகிறது, உங்கள் தகட்டை நம்பிக் கரியை ஓட்டலாமா என்று கேட்டார்கள். ஓட்டலாம் என்றேன். வேறு என்ன சொல்லியிருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

"நீயே கீழ போய் அளந்துட்டு வா," என்றேன் அவனிடம்.

"தொட்டிய நிறுத்தச் சொல்லிடட்டுமா?"

"நிறுத்திட்டு என்னத்த அளப்ப? கரி ஓடும்போது பக்கத்துல நின்னு அளக்கணும்."

"அதுவும் சரிதான். இத எனக்கு வச்சிருங்க, ஒருத்தருக்கும் குடுத்துடாதீங்க," என்று தட்டிலிருந்த பவுர்சாக்கை, எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டையை, பாதி கடித்துவிட்டு மீதியை வைத்துப் போனான்.

மூன்றே முக்காலுக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நுர்தாஸோடு சேர்த்து ஏழு பேர். அவன் மேசையில் இருந்த மிச்சத் துண்டை அதற்கு முன்பே எடுத்து அடுப்பில் போட்டிருந்தேன். அவன் அளந்து எழுதிய தாளையும் போட்டேன்.

தெரிந்தேதான் அனுப்பினீர்களா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். தெரிந்தேதான். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள், தம்பி. கிளம்பியவனை வாசலில் நிறுத்தி, மூச்சுக் கருவியை மறக்காமல் எடுத்துக்கொள், கீழே வாயு இருக்கலாம் என்று சொன்னது நான்தான். அவன்மேல் பாசம் இல்லாதவள் அப்படிச் சொல்வாளா?