இரண்டாவது பொன்னாடை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலயத் தலைவர் உடையப்பன் ஐயா அவர்களே, கோலசிலாங்கூரிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இன்ஸ்பெக்டர் பேட்ரிக் ஐயா அவர்களே, கடல் கடந்து வந்து, தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வெளிநாட்டுக் காவல் அதிகாரி அம்மையார் அவர்களே, ஜெரத்திலிருந்தும் சுங்கை செம்பிலாங்கிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெரியோர்களே, பெற்ற வயிற்றின் பாடு தெரிந்த தாய்மார்களே, கைப்பேசியைக் கீழே வைக்க மனமில்லாத பிள்ளைகளே, உங்கள் எல்லாருக்கும் தாயம்மாவின் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். இவளுக்கு இப்படிப் பேச எங்கிருந்து வந்தது என்றுதானே? இருபது வருடமாக இந்த மண்டபத்தின் பின்கட்டில் சாம்பார் கிண்டியவள் நான். எத்தனை பேச்சு கேட்டிருப்பேன்! பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பிழைத்தது, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி. நான் சொல்லச் சொல்ல எழுதி, நாலு தடவை எனக்குப் படித்துக் காட்டியவர் திலகா டீச்சர். ஆகவே, தவறு இருந்தால் என்னுடையது. இலக்கணம் இருந்தால் டீச்சருடையது.

நன்றி சொல்ல வந்தேன். ஆனால் நன்றிக்கு முன்னால் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடித் திருவிழா. இதே மேடை. இதே மைக். கோகிலன் என்பவருக்கு நாம் பொன்னாடை போர்த்தினோம். அன்னதானம் அவர் செலவு. தலைக்கு மேல் சுற்றுகிற இந்தக் காற்றாடிகள் அவர் கொடுத்தவை. பொன்னாடையைத் தட்டில் வைத்து ஏந்தி வந்தவள் யார்? நான். கை தட்டியவர்கள் யார்? நாம். வெளிநாட்டில் வேலை என்று அவர் சொன்னபோது, பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட்டவர்கள் யார்? அதுவும் நாம்தான்.

என் மகன் விமலன் அன்று என்ன சொன்னான் தெரியுமா? "கம்ப்யூட்டர் வேலம்மா, ஏர்கோன் ரூம்லா. இனிமே முள்ளு குத்தாது." அவனும், பக்கத்து வீட்டு இராஜம்மாவின் மகன் தீபனும் ஒரே நாளில் புறப்பட்டார்கள். பேங்காக் வரை விமானம். அங்கிருந்து வேன். அப்புறம் ஓர் ஆறு, அக்கரை வேறு நாடு. ஆற்றைத் தாண்டியதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வாசலைப் பூட்டிவிட்டார்கள். முள்வேலிக்குள் உட்காரவைத்து, முகம் தெரியாத மனிதர்களிடம் போனில் பேசி ஏமாற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றால் அடி.

எனக்கு அது தெரியாது. வாரம் ஒரு தடவை போன் வரும். "நல்லா இருக்கேம்மா. சாப்டேன். வேல இருக்கு, வச்சிடுறேன்." எப்போதும் இந்த மூன்று பேச்சுதான். என்ன குழம்பு என்று தினமும் கேட்கிற பிள்ளை, குழம்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. தாய்மார்களே, அதிலேயே ஏதோ தப்பு என்று புரிந்துகொண்டேன்.

கோகிலனிடம் ஓடினேன். "அக்கா, போலீசுக்குப் போனீங்கன்னா மொதல்ல உங்க மகனத்தான் பிடிப்பாங்க. அவன் செய்யிற வேல அப்படி" என்றார். தலைவரிடம் ஓடினேன். "பொன்னாடை போத்தின ஆளு மேல நாமே ரிப்போர்ட் குடுத்தா, கோயில் பேரு என்ன ஆகும் தாயம்மா? கொஞ்சம் பொறு" என்றார். ஐயா, தலை குனியாதீர்கள். இதை மேடையில் சொல்லச் சொன்னதே நீங்கள்தான். எனக்கும் அதே வெட்கம். தட்டை ஏந்தியவள் நான்தானே? அந்த ஜரிகைத் துணிக்கு மரியாதை கொடுத்து ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம்!

ஒரு நாள் பழம் பொறுக்குகிற கோணியை அப்படியே போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு காவல் நிலையத்துக்குப் போனேன். பேட்ரிக் ஐயா நாற்காலி இழுத்துப் போட்டார். புகாரை எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டார். "கைநாட்டுதாங்கய்யா" என்றேன். "அது போதும்மா. என் அம்மாவும் எஸ்டேட்ல கைநாட்டுதான் வச்சாங்க" என்றார். ஐயா, அந்த ஒரு பேச்சுக்கு என் நன்றி.

அந்தத் தாள் கோலாலம்பூர் போனது. கோலாலம்பூரிலிருந்து பேங்காக் போனது. பேங்காக்கிலிருந்து ஆற்றைத் தாண்டியது. எங்கோ பனி கொட்டுகிற நாட்டில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா, போனில் யாரோ ஏமாற்றியதாகப் புகார் கொடுத்திருந்தார். அவர் தாளும் என் தாளும் ஒரே மேசையில் சந்தித்தன. அவரை ஏமாற்றிய குரல் எது? என் பிள்ளையின் குரலாகவே இருக்கலாம். அம்மா, நீங்கள் யாரோ, உங்கள் பெயரும் தெரியாது. மன்னிப்பும் கேட்கிறேன், நன்றியும் சொல்கிறேன். நீங்கள் வெட்கப்படாமல் சொன்னதால்தான் முள்வேலி அறுந்தது. முப்பத்தெட்டுப் பேர் வெளியே வந்தார்கள். தீபன் வந்தான்.

விமலன் வரவில்லை. காய்ச்சலில் கிடந்து, மருந்தில்லாமல், வேலி அறுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பே போய்விட்டான்.

ஐந்து மாதம் பொறுத்தேன். மூன்று வாரத்தில் தவறவிட்டேன். இந்தக் கணக்கை என்னால் எந்த நாளும் மறக்க முடியாது.

உடலாவது கிடைக்குமா? பெயரில்லை, பாஸ்போர்ட் இல்லை. எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் தேடுவது? தீபன் சொன்னான். விமலனின் உடலைத் தூக்கிப் போன வண்டியின் நிறம், அது திரும்பிய பாதை, திருப்பத்தில் தெரிந்த மணிக்கூண்டு, எல்லாம் சொன்னான். பனி நாட்டிலிருந்து வந்த இந்த அதிகாரி அம்மையார் அந்த வழியே தேடிப் பிணவறைக்குப் போனார். வெறும் எண் மட்டும் கட்டியிருந்த என் பிள்ளையின் கட்டைவிரலைப் பிடித்து ரேகை எடுத்தார். அது இங்கே வந்து, அவனுடைய அடையாள அட்டை ரேகையோடு பொருந்தியது. கைநாட்டுக்காரி என்று ஆயுளெல்லாம் கூனிப்போனவள் நான். என் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்ததும் கட்டைவிரல்தான்.

பேட்ரிக் ஐயா, இதை அந்த அம்மாவுக்கு அவர் பாஷையில் சொல்லுங்கள்: அந்த ஊரில் என் மகனின் கையைக் கடைசியாகப் பிடித்தது நீங்கள். உங்கள் கையை என் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்.

வேண்டாம், கை தட்டாதீர்கள். இன்னும் முடியவில்லை.

என் பிள்ளையை நான் குளிப்பாட்டினேன். புதுச்சட்டை போட்டேன். பதினாறாம் நாள் காரியம் செய்தேன். எத்தனை தாய்க்கு இதுவும் கிடைக்காமல் இருக்கிறது! அதனால்தான் நன்றி என்கிறேன். திருடன் ஆறு தாண்டுவான், நாடு தாண்டுவான். நீதி மட்டும் வேலியோரம் நின்று கைகட்டிப் பார்க்கலாமா? நாலு நாடு கைகோத்தது. ஓடிப்போன கோகிலனை இன்னொரு நாட்டுக் காவல்துறை பிடித்து நம்மிடம் ஒப்படைத்தது. வருகிற திங்கட்கிழமை வழக்கு. முதல் சாட்சி தீபன்.

நாலு நாடு கைகொடுத்தது. நம் தோட்டத்து சனம் தீபனுக்கு என்ன கொடுத்தது? "ஸ்கேமர்" என்ற பட்டம், போனில் ஏமாற்றுகிறவன் என்று. அவன் கடைக்குப் போனால், "டேய், போன மறைச்சு வைங்கடா!" என்று கிண்டல். ஒரு வருடமாக இராஜம்மா வீட்டுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை போகவில்லை. பின்னால் யார் முனகுவது? முனகாதே தம்பி, எழுந்து சொல்.

நேற்று தீபன் என்னிடம் வந்தான். "நான் கோர்ட்டுக்குப் போகல அத்தை. பேப்பர்ல என் படத்தப் போட்டாங்கன்னா அம்மா எப்படி வெளிய தல காட்டுவாங்க?" அவன் போகாவிட்டால் கோகிலன் கைவீசி நடந்து வருவான். இன்னொரு ஊரில், இன்னொரு மேடையில், இன்னொரு பொன்னாடை வாங்குவான்.

இந்தப் பிள்ளை யார் தெரியுமா? விமலனுக்கு டாக்டர் வேண்டும் என்று கேட்டதற்காக அடி வாங்கியவன். தன் கஞ்சியை அவனுக்கு ஊட்டியவன். நான் செய்ய வேண்டியதைச் செய்தவன்.

தலைவர் ஐயா சற்று முன் எனக்கு இந்தப் பொன்னாடையைப் போர்த்தினார். நன்றி ஐயா. ஆனால் அன்று தவறான தோளுக்குத் தட்டு ஏந்திய கை இது. இன்று அதைத் திருத்திக்கொள்ள எனக்கு அனுமதி கொடுங்கள்.

தீபா! தூணுக்குப் பின்னால் நிற்காதே, வா. வழி விடுங்களப்பா. இராஜம்மா, அழாமல் அனுப்பு அவனை. அப்படித்தான், படி பார்த்து ஏறு. குனி, கொஞ்சம் குனி. விமலனும் உன் உயரம்தான், எனக்கு எட்டாது... ம், எட்டிவிட்டது.

இப்போது கை தட்டுங்கள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கோயில் வாசலிலிருந்து பஸ் கிளம்பும். அன்று அடுப்படியில் என்னைத் தேடாதீர்கள். தீபனுக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பேன். பின்னால் நாற்பது இருக்கை காலியாக இருக்கிறது.

ஊர் தெரியாமல், மொழி தெரியாமல் என் பிள்ளைக்காக உழைத்த அத்தனை பேருக்கும், பேசவிட்ட அவைக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் இந்தத் தாயின் நெஞ்சு நிறைந்த நன்றி. திங்கட்கிழமை பஸ்ஸில் பார்ப்போம். வணக்கம்.