கடைசி ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் இருக்கும் மகளே, பணி உடையோடு ஓடி வந்திருக்கும் செவிலியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நோய்த்தணிப்புப் பிரிவின் பயிற்சி ஆசிரியர், செவிலியர் திலகம் அவர்கள், இன்று நம்மோடு இல்லை. 'வலி டீச்சர்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்வோம். அது அவருக்கும் தெரியும். பெயர் வைப்பதில் மட்டும் கெட்டிக்காரிகள் என்று எங்களைத் திட்டுவார். அந்தப் பிரிவின் தலைமைச் செவிலியர் நான். அந்தத் திட்டில் பெரும்பங்கு எனக்குத்தான்.

அவர் வருவதற்கு முன் நாம் எப்படி இருந்தோம்? நோயாளி கத்தினால்தான் மருந்து! புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால், நல்ல பொறுமைசாலி என்று பாராட்டு வேறு! அதை மாற்றியவர் யார்? வலி டீச்சர்! வலி வந்தபின் துரத்தாதே, வருமுன்பே மருந்து கொடு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டவர் யார்? வலி டீச்சர்! மருந்து வேலை செய்யும்வரை நோயாளியோடு ஊர்க்கதை பேசவைப்பார். அவசரப்பட்டால் கட்டுச் சாமான் தட்டைப் பிடுங்கிக்கொள்வார்.

கடும் வலிக்குப் போடும் மார்ஃபின் என்றாலே நமக்குப் பயம். மூச்சு அடங்கி ஏதாவது ஆகிவிட்டால் பழி நம் தலையில் விழுமே! அளவறிந்து, மூச்சைக் கவனித்துக் கொடுத்தால் பயமில்லை என்று எத்தனை வகுப்புகளில் சொன்னார்!

புற்றுநோய் முற்றி அவரே நம் வார்டில் படுத்தார். கடைசி நாளன்று மத்தியானம் மார்ஃபின் ஊசி போடும் வேளை வந்தது. மருத்துவர் எழுதிய அளவு சரி, மூச்சும் சீராக இருந்தது. ஆனாலும் பணியிலிருந்த செவிலிக்குக் கை எழவில்லை. தன் ஆசிரியர் அல்லவா! டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"வலிக்குதும்மா. போடு."

போட்டாள். சற்று நேரத்தில் நெற்றிச் சுருக்கம் விலகியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பேத்தியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். மாலையில் உயிர் பிரிந்தது.

அன்றிலிருந்து அந்தச் செவிலி வார்டுப் பக்கம் வரவில்லை. தன் ஊசிதான் கொன்றது என்று அழுகிறாள், வேலையை விடப்போகிறாளாம். இதோ, கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். சபை மன்னிக்க வேண்டும், அவளிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன்.

தங்கச்சி, டீச்சரைக் கொண்டுபோனது நோய். உன் ஊசி அவருடைய வலியைத்தான் எடுத்தது. நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பாய். அதனால்தான் மேடை ஏறுமுன் மகளிடம் கேட்டேன். அவர் உன்னிடம் சொல்லச் சொன்னது இது: "அம்மா வலியில்லாம எங்கிட்ட பேசுனது அந்த ஒரு மத்தியானந்தான். அத நீங்கதான் குடுத்தீங்க."

டீச்சரின் வகுப்பு நிற்காது! திங்கட்கிழமை புதிய செவிலியர்கள் வருகிறார்கள். கட்டு மாற்றும் பாடத்தை நான் எடுக்கிறேன். மார்ஃபின் பாடத்தை நீ எடு. கை எழாமல் நின்றதையும் ஒளிக்காமல் அவர்களுக்குச் சொல், அவர்களுக்கும் ஒருநாள் அப்படி நிற்கும். டீச்சருக்கு நாம் கொடுக்கும் வாக்கு இதுதான்.

எழுந்து வாம்மா. மகள் தன் பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் உனக்காக வைத்திருக்கிறார்.