பேசுற மூட்டை

ஜெய்லானி: அசையாம இரு இன்னாசி மாப்ள, தொடையத் தொட்டுப் பாத்துக்கிறேன்... யா அல்லா! உரலு கணக்கால்ல இருக்கு!

இன்னாசி: விடு மச்சான், கூசுது!

ஜெய்லானி: எப்படிடா? குமுளி மலையில மூட்ட தூக்கி ஓடுற போட்டியில வருசா வருசம் நான்தேன் மொதல்ல வருவேன். நீ பாதி ஏத்தத்துலயே நாக்குத் தள்ளி உக்காந்துருவ. இன்னைக்கு என்னமோ வெறுந்தோளோட போறவன் மாதிரி என்னத் தாண்டிப் போயி ஜெயிச்சுட்ட...

இன்னாசி: சும்மா... ஓடுனேன்.

ஜெய்லானி: சும்மாவா? ஏலே, ஊர்ல என்ன பேசுறாக தெரியுமா? மலையாளத்து மருந்து தின்னுட்டு ஓடுனியாம். அணை வேலைக்குச் சுமை கொண்டு போற ஆளுகளுக்கு, ஜெயிச்சவன்தேன் மேஸ்திரி. மருந்துன்னு ஆச்சுன்னா அந்த வேல ஒனக்கு இல்ல.

இன்னாசி: நீயும் நம்புறியா?

ஜெய்லானி: நம்புனா இங்கன எதுக்கு வாரேன்? நான் கர்லாக்கட்ட சுத்துறேன், தண்டால் எடுக்குறேன். நீ என்ன செஞ்ச, சொல்லு.

இன்னாசி: ஒரு மூட்டையத் தூக்கிக்கிட்டு... விடியக்காலம் கரட்டுல ஏறுவேன். தெனமும்.

ஜெய்லானி: என்ன மூட்ட? நெல்லா, கம்பா?

இன்னாசி: அது... பேசுற மூட்ட.

ஜெய்லானி: என்னது!

ஞானசெல்வி: நாந்தேண்ணே. உள்ள இருந்து கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன். பொண்டாட்டிய மூட்டைங்குறாக பாருங்க!

ஜெய்லானி: தங்கச்சியவா தூக்குன?

ஞானசெல்வி: போன வருசம் காச்சல்ல எங்கால் ரெண்டும் விழுந்துபோச்சுல்ல? அது சரியாகுற மட்டும் தெனம் கரட்டு மேல மாதா கோயிலுக்கு வாரேன்னு நேந்துக்கிட்டேன். நேந்தது நான்... சொமந்தது இவுக.

இன்னாசி: மொதல்ல பாறைக்குப் பாற எறக்கி வச்சு மூச்சு வாங்குவேன். அப்புறம் நிக்காம ஏறுனேன். போகப் போக இவ லேசாயிட்டா...

ஞானசெல்வி: நான் ஒண்ணும் மெலியல! இவுக கால்ல ஒரம் ஏறிப்போச்சு. போட்டிக்கு இது பத்தாதேன்னு அம்மிக் குழவிய இடுப்புல கட்டிக்கிட்டு முதுகுல ஏறுவேன். ஓடுங்க, ஓடுங்கன்னு...

ஜெய்லானி: குழவி வேறயா! அம்மாடியோ... மேலெல்லாம் புல்லரிக்குது. கையையும் மாரையும் பெருக்க வச்சேனே, ஏத்தத்துக்குக் கால்லதேன் தெம்பு வேணும்னு எனக்குத் தோணலயே! இருங்க, ஊருக்கு நானே சொல்றேன். மருந்தும் இல்ல, மாயமும் இல்ல, எந்தங்கச்சிதேன்னு.

ஞானசெல்வி: அண்ணே, செத்த இருங்க... ஏங்க, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கிறாதீக.

இன்னாசி: என்ன புள்ள?

ஜெய்லானி: ஏ ஆத்தாடி! தங்கச்சி நடந்து வருது மாப்ள! பிடிமானம் இல்லாம நடந்து வருது!

ஞானசெல்வி: கால் சரியாயி ரொம்ப நாளாச்சு... நீங்க ஜெயிக்கணுமேன்னு மறச்சுட்டேன். மாதாதேன் மன்னிக்கணும்.

இன்னாசி: தெரியும் புள்ள. ஏசு உயிர்த்தெழுந்த பாஸ்கா பண்டிகைக்கு முன்னமே நீ கெணத்தடிக்கு நடந்து போனதப் பாத்துட்டேன்... சொன்னா முதுக விட்டு எறங்கிருவியேன்னுதேன் வாயத் தெறக்கல.