கிழவனின் இருநூற்று ஐம்பத்தைந்து

லேசர் மெஷினை ஓட்டும் சாஃப்ட்வேரில் ஒரு லைசென்ஸுக்கு இரண்டு கம்ப்யூட்டர்தான். மெஷின் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம், கேட்க மாட்டார்கள். இது தெரியாமல் மெஷினுக்கு ஒன்றாக வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். நான் அப்படியில்லை, எதையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். நீங்கள் எழுதும் இந்தத் தாளையும் அப்படித்தான்.

மாப்பிள்ளையின் வலது கண்ணைப் பற்றிக் கேட்கத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வருகிறேன். லைசென்ஸிலிருந்து வந்தால்தான் அது விளங்கும்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். கார் நிறுத்தும் அறையில் பொழுதுபோக்காக ஆரம்பித்தோம். பெயர்ப்பலகை, சாவிக்கொத்து என்று ஆர்டர் வர, அதுவே பிழைப்பாகிவிட்டது. மூன்று லேசர் மெஷின். இரண்டு புதியவை. பழையதைக் கிழவன் என்போம். சாஃப்ட்வேர் மாப்பிள்ளையின் பெயரில், அவர் மெயிலில். ஒரு கம்ப்யூட்டர் அவருக்கு, ஒன்று எனக்கு.

ஒரு திங்கட்கிழமை காலை, இந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதி இல்லை என்று என் திரையில் வந்தது.

"மாப்ளே, என்னைத் தூக்கிட்டீங்களா?"

"ஐயோ, நான் ஏன் மச்சான் தூக்கப்போறேன்? அது தானா போயிருக்கும். கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன், கொஞ்சம் பொறுங்களேன்."

தானாக எது போகும்? நெருப்பில்லாமல் புகையாது என்று லேசர் வைத்திருப்பவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அன்றிலிருந்து கவனித்தேன். நான் உள்ளே நுழைந்தால் போனில் குரலைத் தாழ்த்துகிறார். திரையில் ஏதோ ஒரு பக்கத்தைச் சட்டென்று மூடுகிறார். சாப்பாட்டு மேசையில் தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்பது பச்சைப் பிள்ளைக்கும் புரியும். எனக்கு வயிறெரிந்தது, உண்மைதான். ஆனால் சண்டை போடவில்லை. சண்டை எனக்கு ஆகாது.

இப்போது கிழவனைப் பற்றி. புதிய மெஷின்கள் முழு வீச்சை ஆயிரம் என்று எண்ணும். கிழவனுக்கு முழு வீச்சே இருநூற்று ஐம்பத்தைந்துதான். சாஃப்ட்வேரில் கிழவனுக்கென்று இருக்கும் கட்டத்தில் அதைச் சரியாகக் குறித்து வைக்க வேண்டும். அங்கே ஆயிரம் என்று இருந்தால், ஒரு பங்கு கேட்கும் இடத்தில் கிழவன் நாலு பங்கு கொடுப்பான்.

அடுத்தது, மாப்பிள்ளையின் பழக்கம். பொருள் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க, லேசரை மங்கலாக ஒரு பொட்டாக நிறுத்துவோம். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் அந்தப் பொட்டு தெரியாது; தெரியாமல் இருக்கத்தானே கண்ணாடி. அதனால் மாப்பிள்ளை அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோவார். "மங்கலா வச்சாலும் கண்ணுக்கு ஆகாது மாப்ளே" என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன். தங்கையைக் கேளுங்கள், அவள் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். "ஒரு நொடிதானே மச்சான்" என்பார்.

சனிக்கிழமை காலை அவர் பார்சல் போடப் போயிருந்தார். அவர் கம்ப்யூட்டரில், கிழவனின் கட்டத்தில், ஆயிரம் என்று அடித்தேன். ஒரு பலகையைக் கருக்கிக் கெடுத்துவிட்டு என்னிடம் வந்து வழி கேட்கட்டும், நான் இல்லாமல் ஓடாது என்று தெரியட்டும். அவ்வளவுதான் எண்ணம் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன்.

அன்றைக்குக் கிழவனுக்கு மரப்பலகை வேலைதான். ஆனால் நீங்கள் மெஷினின் தட்டில் பார்த்தது பலகை இல்லை, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிய எஃகுத் தகடு. மரம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். எஃகு அதை முகத்துக்கே திருப்பும். தகட்டை அங்கே வைத்தது நான்தான்.

வந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், குனிந்தார். கத்தக்கூட இல்லை. "மச்சான், கண்ணுக்குள்ள என்னமோ விழுந்துடுச்சு, கொஞ்சம் ஊதி விடுங்களேன்" என்றார். ஊதிவிட்டேன்.

இனி அந்தக் கண்ணால் தங்கையைப் பார்த்தால், அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம்தான் தெரியுமாம். டாக்டர் அதைச் சொல்லும்போது மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பெனியின் பதிலைப் பற்றிக் கேட்டீர்கள். அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் நான் என் கம்ப்யூட்டரை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருந்தேன். அதனால் அவர்கள் கணக்கில் அது மூன்றாவது கம்ப்யூட்டராகிவிட்டது. யாரும் என்னைத் தூக்கவில்லை. மாப்பிள்ளை கம்பெனியோடு பேசி, என் பெயரிலேயே தனி லைசென்ஸ் ஒன்று வாங்கியிருந்தார். பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று அவரும் தங்கையும் மறைத்து வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் முந்திக்கொண்டு விவரத்தை எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டான்.

அந்த மெயிலை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். எண்ணை மாற்றிவிட்டு எழுந்தேன், போன் ஒலித்தது, அங்கேயே நின்று படித்தேன். கடைசி வரி வரைக்கும். அப்போது மணி பத்து. மாப்பிள்ளை திரும்பியது பதினொன்றரைக்கு. பழைய எண்ணை அடிக்க நாலு நொடி போதும். ஆனால் அடித்திருந்தால், அந்த வாரம் முழுக்க நான் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் தப்பு என்று ஆகியிருக்கும்.

தகட்டைத் தட்டில் வைத்தது அதற்குப் பிறகுதான்.