மச்சினிக்கு வந்த பதவி

எனக்குக் குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லை ஐயா. நியமனக் குழுவின் தலைவனாக இருந்த இத்தனை வருஷத்தில் யாரையும் ‘நீ’ என்றுகூடச் சொன்னதில்லை.

காற்றுத்தரம், பருவநிலை இரண்டையும் பார்க்கும் ஆணையர் பதவிக்கு அரசு பரிந்துரைத்தது என் மச்சினியை. என் மனைவிக்குச் செல்லத் தங்கை. கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. வாய்தான் நீளம். பெயர் வெளியான அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, “முதல் பூட்டு உங்க பையனோட சிமெண்ட் ஆலைக்குத்தான் அத்தான்” என்றாள். என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அவளைக் குழு கேள்வி கேட்கும் விவாதத்துக்கு மாடி அறையை ஒதுக்கினேன். மேசைகளுக்கு அப்போதுதான் வார்னிஷ் அடித்திருந்தார்கள். தெருச் சத்தம் என்று ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. நாலு பேர் முன்னால் இருமினால், உடம்புக்கு முடியாதவள் என்று பேச்சு கிளம்பும்; நியமனம் தானாக நின்றுபோகும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

உறுப்பினர்கள் அவளைக் குதறினார்கள். “புருஷனோடவே வாழத் தெரியல, ஊரை வாழ வைக்கப்போறீங்களாக்கும்” என்றார் ஒருவர். நான் தடுக்கவில்லை. அவளும் அசரவில்லை.

“ஆலைப் பக்கத்துப் பிள்ளைங்க உட்கார்ந்துதான் தூங்குதுங்க. படுத்தா மூச்சு முட்டும். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

கத்திக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். அறை அவள் பக்கம் சாய்வது எனக்குப் புரிந்தது.

அப்புறம்தான் இருமல் வந்தது. பைக்குள் துழாவினாள். உதடு நீலம் பாரித்தது. “அத்தான், இன்ஹேலர்... பாருங்க” என்றாள்.

பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். “காணோமேம்மா” என்றேன். அது என் சட்டைப்பையில் இருந்தது. கூட்டம் தொடங்குமுன், பாரமா இருக்கே கொடும்மா என்று பையை வாங்கி வைத்தபோது எடுத்தது.

மற்றவர்கள் டாக்டரைத் தேடி ஓடினார்கள். அறையில் நாங்கள் மட்டும்தான். குனிந்து, காதோடு காதாக, “விலகிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லு, தர்றேன்” என்றேன். சட்டைப்பையைத் தட்டியும் காட்டினேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் வந்தபோது பார்வை மட்டும் அப்படியே இருந்தது.

கடைசிவரை அவள் வாயைத் திறக்கவில்லை ஐயா. அவ்வளவு பிடிவாதம். அந்தப் பிடிவாதம்தான் அவளைக் கொன்றது என்று என் மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.