நெருப்புக்கு ஒரு நேர்த்தி

கோப்பாயில் பஸ் நின்றபோது, எனக்கு முன் சீற்றில் இருந்தவள் பக்கத்தில் இருந்த மூத்த பெண்ணிடம் சொன்னாள்: “காசு கட்டிப் படிச்சா, நெருப்புப் பிடிக்கேக்கை உள்ளுக்கை நிக்கலாமாம் அக்கா.”

பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று காதைக் கொடுத்தேன்.

“ஆர், உன்ரை மனுசனோ?”

“ஓம். அவர் வேலை செய்யிற ஹோட்டலுக்குத் தீயணைப்புச் சேர்ட்டிபிக்கற் உள்ள ஒராள் வேணுமாம். படிப்புக் காசை நாங்கள்தான் கட்டவேணும். என்ரை காப்பை அடகு வைச்சிட்டன்.”

“படிக்காட்டி?”

“நெருப்பெண்டா மற்ற ஆக்களோடை வெளியிலை ஓடலாம்.”

“படிச்சா?”

“எல்லாரும் வெளியிலை போயிட்டினமோ எண்டு பாத்திட்டுக் கடைசியா வரவேணும்.”

“அப்ப காப்பை வைச்சு என்னத்தையடி வாங்கினனீ?”

“சம்பளம் கூடுமாம். வேலை நிரந்தரமாம். நல்லதுதானே அக்கா?”

புத்தூர் தாண்டியபோது அக்கா அவள் கையிலிருந்த அர்ச்சனைப் பையைப் பார்த்தாள். “சந்நிதிக் கோயிலிலை இண்டைக்கு என்ன?”

“நாளைக்கு அவருக்குச் சோதினை. கற்பூரச்சட்டி எடுக்கிறன் எண்டு முருகனுக்கு நேத்தி வைக்கப் போறன்.”

“பாஸ் பண்ணவோ, பெயில் விடவோ?”

அவள் அர்ச்சனைப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். கோயிலடித் தொண்டைமானாற்றுப் பாலம் தெரியத் தொடங்கியிருந்தது.

“பஸ் ஏன் அக்கா இண்டைக்கு இவ்வளவு கெதியா ஓடுது?”