ஈரத்துணி

பகாவ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் எஸ்டேட்டை ஒட்டிய கெளுத்தி மீன் பண்ணையில் வேலை செய்கிறாள் போல. அவள் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்தேன்.

"ஊசி போட்டாத்தாங்க்கா மீனு வயித்துல முட்டை முத்தும். ஆத்துல மழை வெள்ளம் வந்தா தானா முத்தும், தொட்டியில ஏது மழை, ஏது வெள்ளம்? போடலன்னா முட்டை உள்ளேயே கரைஞ்சிரும்."

"துள்ளாதா?"

"ஈரத்துணியால கண்ணை மூடிருவேன் லா. அடங்கிரும்."

பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். "சரி, புள்ளைக்காக ஒனக்கு டாக்டர் குடுத்த ஊசி?"

"அதுவும் முட்டை முத்தத்தான். தினம் சாயங்காலம் வயித்துல போடணும்."

"ஒன் வீட்டுக்காரருதான் சிங்கப்பூர்ல இருக்காரே. யாரு போட்டு விடுறா?"

"நானேதாங்க்கா."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே செம்பனை மரங்கள் தீரவேயில்லை.

"கண்ணை மூடிவிடத்தான் ஆளில்ல."